காற்றை எதிர்த்து உழக்கியவர்களின் பங்கு

2025 யூலை 27, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸில் மழை. டூர் து பிரான்ஸ் சைக்கிள் ஓட்டத்தின் கடைசி நாள். வழமையாக அந்த நாள் பாதி ஊர்வலம் மாதிரித்தான் இருக்கும். மூன்று கிழமை ஓடி முன்னுக்கு நிற்பவர் கையில் சம்பெயின் கிளாசோடு படத்துக்குச் சிரிப்பார். பிறகு ஷான்செலிசே வீதியில் வேக ஓட்டக்காரர்கள் முட்டி மோதி முடித்துவைப்பார்கள். அந்த முறை அமைப்பாளர்கள் பாதையை மொன்மார்த்ர் மேட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். எங்கட லா சப்பல் கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். லெப்பிக் வீதியின் ஒடுக்கமான கல்லுப்பாதையில் மூன்று தடவை ஏற வேண்டியிருந்தது.

மொத்த ஓட்டத்தில் வென்றவர் சுலோவேனியாவின் தாடெய் பொகாச்சர். அவருக்கு அது நாலாவது வெற்றி. ஆனால் அன்றைய நாளின் வெற்றி அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசி ஏற்றத்தில் பெல்ஜியத்தின் வௌட் வான் ஆர்ட் அவரைப் பின்னுக்கு விட்டுவிட்டு, தனியாக வந்து ஷான்செலிசேயில் முடித்தார்.

இந்த வான் ஆர்ட் அதற்கு இரண்டு மாதம் முன்னர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைச் சொன்னால்தான் நான் எழுத வந்த விசயம் விளங்கும். மே 31 அன்று இத்தாலியின் ஜிரோ ஓட்டத்தில், பினெஸ்ட்ரே என்ற பெரிய மலையில், அவர் காலையிலிருந்தே முன்னால் தப்பி ஓடிய கூட்டத்தோடு போனார். அந்த நாளை வெல்வதற்கு அவர் போகவில்லை. மலையைத் தாண்டிய பிறகு வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்துகொண்டிருந்த தன் அணித்தோழர் சைமன் யேட்ஸுக்காகக் காத்திருந்தார். யேட்ஸ் வந்து சேர்ந்ததும் அவருக்கு முன்னால் நின்று, பள்ளத்தாக்கு முழுக்க காற்றை வெட்டிக்கொண்டு உழக்கினார். அடுத்த ஏற்றத்தின் அடிவாரத்தில் யேட்ஸை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். யேட்ஸ் இளஞ்சிவப்புச் சட்டையைப் பறித்து ஜிரோவை வென்றார்.

அந்த மலையில் வேலைக்காரன், மொன்மார்த்ரில் வெற்றியாளன். ஒரே ஆள்தான். சைக்கிள் ஓட்டத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். எங்கட சமூகத்தில் நான் காணாததும் இதுதான்.

'மற்றவங்கள் ஏன் ஓடுறாங்கள்?'

யூலை மாதம் தொலைக்காட்சியில் இந்த ஓட்டம் போகும்போது எங்கட வீடுகளில் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "நூற்றி எண்பது பேர் ஓடுறாங்கள். ஒருத்தன்தான் வெல்லப்போறான் எண்டா மற்றவங்கள் ஏன் ஓடுறாங்கள்?"

நல்ல கேள்வி. 2025இல் 23 அணிகள், அணிக்கு எட்டுப் பேர், மொத்தம் 184 பேர் ஓடத் தொடங்கினார்கள். 21 நாள் ஓட்டம், ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டி, ஆகக் குறைந்த நேரம் எடுத்தவருக்கு மஞ்சள் சட்டை. அந்த மஞ்சள் சட்டையை உண்மையில் வெல்லக்கூடியவர்கள் ஒரு கையால் எண்ணக்கூடிய ஆட்கள்தான். மிச்சப் பேரில் பெரும்பாலானோர் வேறொருவரை வெல்ல வைப்பதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இதன் காரணம் காற்று. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் உழக்கியவர்களுக்கு இதைப் படம் கீறி விளக்கத் தேவையில்லை. சோளகம் வீசுகிற மாதங்களில் வெளியான வீதிகளில் எதிர்காற்றில் போனவர்களுக்குத் தெரியும்: தனியாகப் போனால் சைக்கிள் நகராது. நாலு பேராகப் போனால் ஒருத்தர் முன்னுக்கு, மற்றவர்கள் அவருக்குப் பின்னால் ஒட்டி. முன்னுக்குப் போகிறவர் களைத்ததும் மாற வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் ஊர் முழுக்கச் சைக்கிளில் ஓடிய காலத்தில், விறகும் அரிசியும் நோயாளியும் சைக்கிள் கரியரில் போன காலத்தில், இந்தப் பாடத்தை எல்லோரும் படித்தார்கள்.

தொழில்முறை ஓட்டத்திலும் இதே கணக்குத்தான். ஒருவருக்குப் பின்னால் நெருங்கி ஓடுகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு அளவு சக்தி மிச்சப்படும். அப்படி நாள் முழுக்க மிச்சம் பிடித்த சக்தியைத்தான் தலைவர் கடைசி மலையில் செலவழிக்கிறார். தொலைக்காட்சியில் நாங்கள் பார்த்துக் கைதட்டுகிற அந்தப் பத்து நிமிடப் பாய்ச்சலுக்குப் பின்னால், நாலு மணித்தியாலம் வேறு ஆட்களின் கால்கள் வேலை செய்திருக்கின்றன.

காற்று மட்டுமில்லை. அணியின் காருக்குப் பின்வாங்கி, சட்டைக்குள் ஏழெட்டுத் தண்ணீர்ப் போத்தல்களைத் திணித்துக்கொண்டு, அந்தப் பாரத்தோடு திரும்ப முன்னுக்கு ஓடிவந்து எல்லோருக்கும் கொடுப்பதும் இவர்கள்தான். தலைவரின் சில்லில் காற்றுப் போனால் தன் சில்லைக் கழற்றிக் கொடுப்பதும், தலைவர் விழுந்தால் நின்று காத்திருந்து திரும்பக் கூட்டத்தோடு சேர்ப்பதும் இவர்கள்தான். பெல்ஜியத்தின் டிம் டெக்லெர்க் என்பவர் மணிக்கணக்கில் முன்னால் இழுப்பதற்கே பெயர்போனவர். அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'டிராக்டர்'. எங்கட ஊரில் என்றால் 'உழவுமெசின்' என்றிருப்பார்கள்.

வேலைக்காரன் என்ற பெயர்

பிரெஞ்சில் இவர்களுக்குப் பெயர் 'தொமெஸ்தீக்'. நேரடிக் கருத்து வீட்டு வேலைக்காரன். ஜேர்மன் மொழியில் 'வாசர்ட்ரேகர்', தண்ணீர் சுமக்கிறவன். இப்போது பிரெஞ்சு வர்ணனையாளர்கள் பலர் மரியாதையாக 'எக்கிப்பியே', அதாவது அணித்தோழர், என்கிறார்கள். பழைய பெயர் மறையவில்லை.

அந்தப் பெயர் ஒரு வசவாகத்தான் வந்தது. டூர் து பிரான்ஸை 1903இல் 'லோட்டோ' என்ற பத்திரிகை தொடங்கியது. அதன் ஆசிரியர் ஹென்றி தெக்ராஞ்ச். அவருடைய கனவு, ஒவ்வொருவரும் தனித்தனியாக, யாருடைய உதவியும் இல்லாமல் ஓட வேண்டும் என்பது. பலசாலி ஒருவன் தன்னந்தனியாக இயற்கையை வெல்லும் கதைதான் பத்திரிகையை விற்கும் என்று அவருக்குத் தெரியும். முதலாவது ஓட்டத்தில் அறுபது பேர் தொடங்கி இருபத்தியொரு பேர் முடித்தார்கள். வென்ற மோரிஸ் காரன் இத்தாலியில் பிறந்து பிரான்சுக்கு வந்தவர். இளவயதில் புகைக்கூண்டு துப்புரவாக்கும் வேலை செய்தவர். டூரின் முதல் வெற்றியாளரே ஒரு குடியேறி என்பதை எங்கட பிள்ளைகளுக்கு ஒருக்காச் சொல்லிவைக்கலாம்.

1911இல் மோரிஸ் புரோக்கோ என்ற ஓட்டக்காரர் தனக்கு வெல்ல வாய்ப்பில்லை என்றானதும் வேறு ஓட்டக்காரருக்கு உதவி செய்யப் போனார். தெக்ராஞ்சுக்குக் கோபம். 'வெறும் தொமெஸ்தீக்' என்ற கருத்தில் அவரை இழிவுபடுத்தினார். அந்தச் சொல் நிலைத்தது. தெக்ராஞ்சின் கனவு நிலைக்கவில்லை. காற்றுக்கு முன்னால் தனி மனிதன் என்று ஒருவன் இல்லை என்பதை ஓட்டம் தானாகவே நிரூபித்துவிட்டது.

1934இல் ஒரு படம் எடுக்கப்பட்டது. பிரான்சில் அதைத் தெரியாத சைக்கிள் ரசிகர் இல்லை. பிரெனே மலைத்தொடரில் ஒரு கல்மதிலின் மேல் இருபது வயதுப் பொடியன் ஒருவன் அழுதபடி உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் முன்சில்லு இல்லாத சைக்கிள். அவன் பெயர் ரெனே வியெத்தோ. அந்த வருடம் அல்ப்ஸ் மலைகளில் அவனை அசைக்க ஆளில்லை. ஆனால் அணித்தலைவர் அந்தோனன் மாஞ் மஞ்சள் சட்டையில் இருந்தார். மாஞ்சின் சில்லு உடைந்தபோது வியெத்தோ தன் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உதவி வண்டிக்காகக் காத்திருந்தான். அடுத்த நாளும் மாஞ் மாட்டிக்கொண்டார். முன்னால் போய்விட்ட வியெத்தோ வந்த பாதையிலேயே திரும்ப மேலேறிப் போய் உதவினான். மாஞ் டூரை வென்றார். வியெத்தோ ஐந்தாவது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் ஓடியும் அவனால் டூரை ஒருமுறைகூட வெல்ல முடியவில்லை.

அந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் எனக்கு எங்கட ஆட்களின் முகங்கள்தான் ஞாபகம் வரும்.

எங்கட முன்னோட்டக்காரர்

1983 யூலைக்குப் பிறகு வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் முதலில் வந்தார். பெரும்பாலும் மூத்தவர். மொழி தெரியாது, விசா இல்லை, தங்க இடமில்லை. கோப்பை கழுவினார், நிலம் துடைத்தார், விடியக்காலையில் பத்திரிகை போட்டார். ஏஜென்சிக்குக் காசு கட்டி அடுத்த தம்பியைக் கூப்பிட்டார். சீட்டுக் கட்டி, வட்டிக்கு எடுத்து, தங்கச்சிமாருக்குச் சீதனம் அனுப்பினார். பிறகு வந்தவர்கள் வரும்போது ஏற்கெனவே ஒரு அறை இருந்தது, வேலை சொல்லிவிட ஒரு ஆள் இருந்தார், கடிதம் விளங்கப்படுத்த ஒருவர் இருந்தார். முன்னால் ஒருவர் காற்றை வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் அவருக்குப் பின்னால் ஒட்டி ஓடினோம்.

நானும் அப்படித்தான் வந்தேன். எனக்காக ஏஜென்சிக்குக் கட்டிய காசு பெரியண்ணர் பகலில் ஒரு உணவகம், இரவில் இன்னொரு உணவகம் என்று இரண்டு குசினிகளில் நின்று சேர்த்தது. நான் பின்னேர வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தேன். அவருக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை. இன்றைக்கு அவருக்கு அறுபத்திமூன்று வயது. முதுகெலும்பு பழுது. போன வருடம் ஓய்வூதியக் கணக்கு விபரம் வந்தபோது அவருடைய முதல் எட்டு வருடங்கள் அதில் இல்லை. அந்த வருடங்களில் அவருக்குச் சம்பளம் கையில்தான் கொடுத்தார்கள். முதலாளி எங்கேயும் பதியவில்லை. எனக்குப் படிப்பும் தம்பிக்கு வீடும் தங்கச்சிக்குக் கலியாணமும் வந்த அதே எட்டு வருடங்கள்தான் அவருடைய கணக்கில் வெறுமையாக இருக்கின்றன.

இது ஒரு குடும்பத்தின் கதை இல்லை என்று எனக்குத் தெரியும். இதை வாசிக்கிறவர்களில் எத்தனையோ பேர் இப்போதே தங்கள் வீட்டு ஆள் ஒருவரை நினைத்திருப்பீர்கள். எண்பதுகளில் இருபது வயதில் வந்தவர்கள் எல்லோரும் இப்போது ஓய்வு வயதைத் தொடுகிறார்கள். எங்கட சமூகத்தின் தொமெஸ்தீக் தலைமுறை முடிவுக்கோட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. அவர்களுக்காக அங்கே யார் நிற்கிறார்கள்?

சைக்கிள்காரரிடம் இருப்பது, எங்களிடம் இல்லாதது

தியாகம், தியாகம் என்று நாங்கள் நிறையப் பேசுகிறோம். மேடைகளில் பேசுகிறோம், அம்மா அப்பாவைப் பற்றிக் கவிதை எழுதுகிறோம். சைக்கிள் ஓட்டக்காரர்கள் இதைப் பற்றி அவ்வளவு உருகுவதில்லை. அவர்கள் வேறொன்று செய்து வைத்திருக்கிறார்கள். உதவி செய்கிறவனின் வேலையை ஒரு தொழிலாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலாவது, ஒப்பந்தம். பெரிய அணிகளில் ஓடுகிற தொமெஸ்தீக்குக்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டு, ஆகக் குறைந்த சம்பளம் விதிக்கப்பட்டிருக்கிறது, காப்புறுதி உண்டு. யாருக்காக, எவ்வளவு தூரம் உழக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். எங்கட வீடுகளில் இந்த ஒப்பந்தத்தை யாரும் யாரோடும் பேசவில்லை. மூத்தவர் என்றால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, பங்கு. டூர் து பிரான்ஸை வென்றவருக்குப் பரிசு 500,000 யூரோ. அந்தக் காசை வென்றவர் தனியாக வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அணியின் பரிசுப் பணம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, கூட ஓடியவர்களுக்கும் சைக்கிள் திருத்துகிறவர், உடம்பு பிடித்துவிடுகிறவர் போன்றவர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். சட்டம் கிடையாது. ஆனால் அதை மீறுகிற தலைவருக்காக அடுத்த வருடம் யார் காற்றை வெட்டுவார்கள்? நன்றியை அவர்கள் காசுக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கட வீடுகளில் நன்றி வாயளவில் நிற்கிறது. சில வீடுகளில் வாயளவிலும் இல்லை. "அண்ணைக்கு என்ன குறை, அவர் அப்பவே உழைச்சவர்தானே" என்று சொல்லுகிற ஆட்களை நான் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது, சொந்த நாள். இது முக்கியம். உதவி செய்கிறவனுக்கும் ஒரு நாள் கொடுக்கப்படும்: 'இண்டைக்கு நீ போ, உனக்காக ஓடு.' 2025 டூரின் பதினைந்தாவது நாள் கார்க்கசோனில் வென்றவர் டிம் வெலன்ஸ். பொகாச்சருக்காக மூன்று கிழமை இழுத்தவர்களில் ஒருவர். அன்றைக்கு அவர் தனக்காக ஓடினார், தனியாக வந்து வென்றார்.

இன்னும் பெரிய உதாரணம் 2023 ஸ்பெயினின் வுவெல்தா ஓட்டம். அமெரிக்காவின் செப் குஸ், அந்த வருடம் ஜிரோவில் ரோக்லிச்சுக்காகவும் டூரில் விங்கெகோருக்காகவும் மலைகளில் இழுத்தவர். இருவரும் வென்றார்கள். மூன்றாவதாக வுவெல்தாவிலும் அவர் இருவருக்கும் உதவி செய்யத்தான் போனார். ஒரு நாள் முன்னால் தப்பி ஓடிய கூட்டத்தில் போய் வென்றார். அதில் கிடைத்த நேரத்தோடு சிவப்புச் சட்டை அவரிடம் வந்தது. பிறகு அங்லிரு என்ற கொடிய மலையில் அவருடைய இரண்டு தலைவர்களும் அவரை விட்டுவிட்டு மேலே ஓடிப்போனார்கள். குஸ்ஸிடம் மிஞ்சியது எட்டு விநாடி. பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு காலம் உங்களுக்காக இழுத்தவனுக்கு இதா மரியாதை?" என்று உலகம் முழுக்கச் சத்தம் எழுந்தது. அணி இருந்து பேசியது. மிச்ச நாள்களில் ரோக்லிச்சும் விங்கெகோரும் குஸ்ஸின் சட்டையைக் காத்தார்கள். மாட்ரிட்டில் குஸ் முதலாவது, விங்கெகோர் 17 விநாடி பின்னால் இரண்டாவது, ரோக்லிச் மூன்றாவது.

அந்தச் சத்தத்தைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். குஸ் தானாகக் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் உதவி செய்கிறவர்களுக்குக் கிடையாது. வெளியில் நின்று பார்த்தவர்கள் கேட்டார்கள். பெரியண்ணரும் கேட்கமாட்டார். உங்கட அம்மாவும் கேட்கமாட்டார்.

விசுவாசத்தின் மறுபக்கம்

இதை எழுதும்போது மற்றப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. விசுவாசம் எப்போதும் நல்லது இல்லை. லான்ஸ் ஆம்ஸ்ரோங் 1999 முதல் 2005 வரை ஏழு டூர்களை வென்றார். ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2012இல் ஏழும் பறிக்கப்பட்டன. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் 11 பேர் அவருடைய முன்னாள் அணித்தோழர்கள். எத்தனையோ வருடம் அந்தத் தோழர்கள் வாய் திறக்கவில்லை. அணிக்குள் நடந்ததை அணிக்குள்ளேயே புதைத்தார்கள். அதே மருந்துக்கு அவர்களில் பலர் தங்கள் உடம்பையும் கொடுத்தார்கள்.

எங்கட குடும்பங்களிலும் இந்த மௌனம் உண்டு. வட்டிக் கடன், குடி, மன அழுத்தம், யாருக்கும் சொல்லாத நோய், எல்லாவற்றையும் 'வெளியில சொல்லாதேங்கோ' என்று மூடிவைக்கிறோம். முன்னால் இழுக்கிறவர் விழப்போகிறார் என்று தெரிந்தும் அவருக்குப் பின்னால் ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது பிழை.

இரண்டாம் தலைமுறைக்கு

இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இதை வாசித்தால் ஒரு விசயம் நினைக்கக்கூடும்: 'திரும்பவும் எங்களைக் குற்றவாளி ஆக்குறாங்கள்.' நியாயமான எரிச்சல். 'உனக்காகத்தான் நான் இவ்வளவு கஷ்டப்பட்டேன்' என்ற வசனத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள் நீங்கள். யாரும் உங்களிடம் கேட்டுவிட்டு உங்களுக்காகக் கோப்பை கழுவவில்லை. அந்தக் கணக்கை உங்கள் தலையில் ஆயுள் கடனாகக் கட்டுவது சரியில்லை.

நான் சொல்வது வேறு. உங்களில் பலர் ஏற்கெனவே தொமெஸ்தீக்காக ஓடியவர்கள். பத்து வயதில் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டர் சொன்னதை மொழிபெயர்த்த பிள்ளை யார்? பிரெபெக்சரில் வரிசையில் நின்ற, வங்கிக் கடிதத்தை வாசித்து விளங்கப்படுத்திய, தம்பியின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குத் தாய்க்குப் பதிலாகப் போன மூத்த அக்கா யார்? வயதுக்கு மீறிய சொற்களை, சில வேளைகளில் 'கான்சர்' என்ற சொல்லையே, பெற்றோருக்குச் சொல்ல வேண்டிவந்த பிள்ளை யார்? அந்த வேலைக்கும் சம்பளமில்லை, சான்றிதழ் இல்லை. எங்கட ஊடகங்களில் 'சாதனை படைத்த தமிழ் மாணவி' என்று செய்தி வரும்போது அந்த மாணவியின் படம் வரும். வீட்டுக் கடிதமெல்லாம் பார்த்து அவளுக்குப் படிக்க நேரம் விட்டுக்கொடுத்த அக்காவின் படம் வராது.

ஆகவே இது பெற்றோர் எதிர் பிள்ளைகள் என்ற வழக்கு இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு ஆள் காற்றுக்கு முன்னால் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வீடு அது யார் என்று தெரியும்.

செய்யக்கூடியது

வெறும் உணர்ச்சியோடு முடிக்க நான் விரும்பவில்லை. இந்த மாதமே செய்யக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன.

வீட்டில் ஐம்பத்தைந்து தாண்டியவர் இருந்தால், அவருடைய ஓய்வூதியப் பதிவை எடுத்துப் பாருங்கள். பிரான்சில் 'ரெலவே து கரியேர்' என்ற வேலைப் பதிவு விபரத்தை இணையத்திலேயே எடுக்கலாம். வேலை செய்தும் பதிவில் விடுபட்ட காலங்கள் இருந்தால், பழைய சம்பளத் துண்டுகளைக் காட்டித் திருத்தம் கேட்கலாம். பரணில் கிடக்கிற அந்தப் பழைய பையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிரித்தானியாவில் புதிய அரச ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க 35 வருடப் பங்களிப்பும், எதுவும் கிடைக்க ஆகக் குறைந்தது 10 வருடமும் வேண்டும். சுவிஸில் விடுபட்ட ஒவ்வொரு வருடமும் ஓய்வூதியத்தைக் குறைக்கும். ஓய்வு பெறுகிற கிழமையில் இதைக் கண்டுபிடித்துப் பிரயோசனமில்லை. பிரான்சில் 65 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு 'அஸ்பா' என்ற முதியோர் உதவித்தொகை இருக்கிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. ஆனால், தகுதி இருந்தும் படிவம் நிரப்பத் தெரியாததால் கேட்காமல் இருக்கும் நிலை எங்கட ஆட்களுக்கு வரக்கூடாது. மொழி தெரிந்த பிள்ளைக்கு அது ஒரு பின்னேர வேலை.

அதோடு, பங்கைப் பங்காகவே கொடுங்கள். மூத்தவர் அனுப்பிய காசில் படித்த, வீடு வாங்கிய, நாடு வந்து சேர்ந்த சகோதரங்கள் ஒருக்கா ஒன்றாக இருந்து பேசுங்கள். மாதம் ஒரு தொகையோ, வீட்டுக் கடனின் மிச்சமோ, பல் வைத்தியச் செலவோ, எது முடியுமோ அது. 'உதவி' என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். மஞ்சள் சட்டைக்காரர் பரிசைப் பிரிக்கும்போது யாரும் அதை உதவி என்று சொல்வதில்லை.

மூத்தவர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்குச் சொந்த நாள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற மறுநாளே பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வருகிற, கோயில் சமையலுக்கு நிற்கிற, மருமகளின் கடையில் காசு வாங்குகிற வேலையை எடுத்துவிடுகிறீர்கள். வெலன்ஸ் கார்க்கசோனில் கிடைத்த வாய்ப்பை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் யாருக்கு லாபம்? பெரியண்ணருக்கு நீச்சல் பழக ஆசை என்று இருபது வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் எனக்குத் தெரியும்.

எங்கட சங்கங்களுக்கும் பழைய மாணவர் ஒன்றியங்களுக்கும் கூட இதில் வேலை இருக்கிறது. வருடா வருடம் பரீட்சையில் வென்ற பிள்ளைகளுக்குக் கேடயம் கொடுக்கிறீர்கள். கொடுங்கள். அதே மண்டபத்தில், அதே பிற்பகலில், ஓய்வூதியப் படிவம் நிரப்பத் தெரிந்த நாலு இளையவர்களை ஒரு மேசையில் இருத்துங்கள். கேடயத்தைவிட அந்த மேசைக்கு முன்னால் வரிசை நீளமாக இருக்கும்.

2027இல் டூர் து பிரான்ஸ் பிரித்தானியாவில் தொடங்குகிறது. வீதியோரம் நின்று பார்க்கக் காசு கிடையாது. பிள்ளைகளோடு போய் நிற்கலாம். போனால், முடிவுக்கோட்டில் கை தூக்குகிறவரைப் பார்த்துவிட்டு உடனே திரும்பாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். பதினைந்து, இருபது நிமிடம் கழித்து, வேர்வையும் உப்புமாய், எதற்கும் அவசரமில்லாமல் ஒரு கூட்டம் வரும். அவர்கள் தோற்றுப்போனவர்கள் இல்லை. வேலை முடித்து வருகிறவர்கள். அவர்களுடைய பங்கு அணியின் கணக்கில் இருக்கிறது.

எங்கட வீட்டுக் கணக்கை நாங்கள் எப்போது எழுதப்போகிறோம்?